மேற்படி நால்வரும் ஒருவரே

எழும்பூர் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவில்
என் மேசை, என் தட்டச்சு மெஷின்.
கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஆள் வருகிறது
கரண்ட் போன மத்தியானங்களில்.

அப்படியொரு மத்தியானம் யூனிஸ் வந்தார்.
பூப்போட்ட கவுன், முழங்காலில் கட்டு,
மஞ்சப்பை நிறையத் தன்னைப் பற்றிய தாள்கள்.
ரேஷன் அட்டையில் சிபிலி.
வாக்காளர் அட்டையில் ஷிப்ளே.
ஆதாரில் சிப்லி.
அப்பாவின் ரயில்வே பென்ஷன் புத்தகத்தில் மட்டும்
ஷிப்லி.
"நாலும் நான்தான்னு சத்தியம் பண்ணணுமாம்.
அடிச்சுக் குடு, மேன்" என்றார்.
நான் பெண் என்பது அவருக்கொரு பொருட்டில்லை.

கார்பன் தாளைச் சொருகும்போதே ஆரம்பித்துவிட்டார்.

கப்பலில் வந்த குடும்பம் நாம், என்பாராம் டாடி.
பேரிலேயே ஷிப் இருக்கிறதே, வேறென்ன சாட்சி?
பெரம்பூர் வீட்டுக் கூடத்தில்
மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல்,
சட்டம் போட்டு, இயேசுவுக்கு ஒரு சாண் கீழே.
டாடி ஓட்டியதென்னவோ கரி எஞ்சின்,
அரக்கோணம் வரைக்கும்.
மெரினாவில் கால் நனைத்தாலே
அவருக்குத் தலை சுற்றும்.

போன கிறிஸ்மஸுக்குப் பெர்த்திலிருந்து
தங்கை மகன் போன் பண்ணினான்:
ஆன்ட்டி, அது கப்பல் இல்லை. ஆடு.
ஷீப்.
காட்டில் மரம் வெட்டி
ஆடு மேயத் திறந்துவிட்ட வெளி.
பழைய இங்கிலீஷில் அதுதான் ஊர்ப்பேர்.
அந்த ஊரில் இருந்தவரை
எவனையும் அப்படிக் கூப்பிடவில்லை;
கிளம்பி அடுத்த ஊர் போனவனைத்தான்
கூப்பிட்டார்கள்.
அதே பேரில் அங்கே நாலைந்து ஊர் உண்டு.
நம்முடையது எதுவென்று
ஒருத்தரும் எழுதிவைக்கவில்லை.

"நூறு வருஷமா மாட்டிவச்சிருந்தோம்" என்றார் யூனிஸ்,
"ஆட்டை."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
குறில் நெடிலாக வேண்டியதுதான்,
ஒரு மாத்திரை,
கண் இமைக்கும் நேரம்,
கப்பல் கரையேறிப் புல் மேய்கிறது.
"கப்பலும் ஆடும்தானே மேடம்" என்றேன்.
அவர் தமிழுக்கு அது எட்டச் சற்று நேரமானது.
எட்டியதும் கரும்புச்சாறுக்காரர்
திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

அங்கே ஊர் மனிதனுக்குப் பேராயிற்று.
இங்கே தலைகீழ்.
கெல்லீஸ் இறங்கு, டவுட்டன் இறங்கு என்று
கண்டக்டர் கத்துவதெல்லாம் ஒருகாலத்து ஆட்கள்.
செத்தும் ஸ்டாப்பிங்காக நிற்கிறார்கள்,
யாரோ ஏற, யாரோ இறங்க.

என் பேருக்கு முன்னால் ஒரே எழுத்துதான்.
அப்பாவுக்கு இரண்டு இருந்தன. முதலாவது ஊர்.
பட்டணம் வந்த வருஷமே அதை வெட்டிவிட்டார்.
ஊர் எது என்பான்,
சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்பான்,
அதற்கப்புறம் தண்ணீர் தரும் டம்ளர் மாறும்.
அந்த ஊர் எங்கிருக்கிறது என்று
நானும் கேட்கவில்லை.
யூனிஸிடம் இதைச் சொல்லவில்லை,
அவர் பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.

"சொந்த ஊர்?" என்றேன், படிவத்துக்காக.
"பெரம்பூர்."
"அதுக்கு முன்னாடி?"
"லோகோ ஷெட் பக்கம்.
அப்புறம் பக்கத்துத் தெருவுக்கு மாறினோம்."

மேற்படி நான்கு பெயர்களும்
என் ஒருத்தியையே குறிக்கும் என்று
இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.
அடித்து முடித்து உருவிக் கொடுத்தேன்.
கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார்,
விரல் மூன்றாவது வரியில் நின்றது.

சீப்லி, என்று இருந்தது.
என் கைவேலை. ஐந்தாவது.

வெள்ளை மை காய்ந்துபோயிருந்தது.
எண்பது ரூபாயில்
இருபதைக் குறைத்துக்கொண்டு
புதுத் தாள் சொருகினேன்.