நான்கெல்லை

கிரயப் பத்திரம் மேசைமேல் கிடக்கிறது.
ஐந்தேகால் ஏக்கர், நியூ மெக்சிகோவின் தென்மேற்கு மூலை.
வடக்கே வெர்னா ஹாஸ்கெல் மனை,
மேற்கே தண்ணீர் ஓடாத ஆறு,
தெற்கே முள்வேலி, வேலிக்கப்பால் யாருடைய மாடுகளோ,
கிழக்கே மண்பாதை.
நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்
எல்லாவற்றுக்கும் இதில் இடமிருக்கிறது.
வானத்துக்கு ஒரு வரி இல்லை.
நான் வாங்குவது அதைத்தான்.

கிணறு நானூற்றெண்பது அடி என்றார் விற்கிற க்ளைட் ஊட்டன்.
கொஞ்சம் உப்பு என்றார்.
பாம்பைப் பற்றி நான் கேட்டபிறகு சொன்னார்.
"பகலில் பார்த்து இதை யாரும் வாங்குவதில்லை.
அமாவாசைக்கு வாருங்கள்."

வந்தேன். மே மாதம், ஆனாலும் குளிர்.
நுழைகிற இடத்தில் பலகை:
இருட்டியபின் முகப்பு விளக்கு கூடாது.
ஜன்னலுக்குக் கறுப்புத் திரை.
கைவிளக்கு என்றால் சிவப்பு.
குளிர்பெட்டிக்குள் எரிகிற குண்டு பல்பைக்கூடக்
கழற்றிவிட்டதாகச் சொன்னார் வெர்னா,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
முப்பது வருடம் பல் பிடுங்கியவர்.
வண்டிச்சக்கரம் அகலத்துக்கு ஒரு கண்ணாடியைத்
தன் கையாலேயே தேய்த்துத் தொலைநோக்கி செய்திருக்கிறார்.

"நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள், மிஸ்டர் பரேலா?"
"மின்சாரக் கம்பெனி. கம்பம் ஏறுகிற வேலை."
பொய் இல்லை.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி ஆகுமாம்.
அதுவரை கழிவுநீர்த் தொட்டிக்கு என்ன செலவாகும் என்று பேசிக்கொண்டிருந்தோம்.
பிறகு தென்கிழக்கில் வெளுப்பாக ஏதோ எழுந்தது.
"அது எந்த ஊர்?" என்றேன்.
அவர் சிரித்த சிரிப்பில் எங்கோ ஒரு நாய் குரைத்தது.
"ஊரா? பால்வீதி ஐயா அது."

அறுபத்தொரு வயதுவரை
வெளிச்சம் தெரிந்தால் அடியில் ஓர் ஊர் இருக்கும் என்பதுதான்
எனக்குத் தெரிந்த வானசாஸ்திரம்.

நிஜமான ஊர் கிழக்கே இருந்தது.
மண்பாதைக்கு மேல், மலைமடிப்பில்,
கோப்பை விளிம்பில் காப்பிக் கறைபோல.
"எங்கள் தரித்திரம்," என்றார். "எல் பாசோ.
நூற்றைம்பது மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு
வருடத்துக்கு ஒரு விரற்கடை ஏறுகிறது."

அந்தக் கறையை எனக்குத் தெரியும்.
முப்பத்தோரு வருடம்
வாளி வைத்த லாரியில் உயர்ந்து உயர்ந்து
ஒவ்வொன்றாக நான் மாட்டியது அது.
முதலில் ஆரஞ்சு. பிறகு வந்து
ஆரஞ்சைக் கழற்றி வெள்ளை.
ரயில்வே லைனுக்குப் பின்னால் கடைசி வீடு,
ஆஸ்பத்திரியில் இரவுவேலை பார்த்த ஒசேலியா
மூன்று மனு போட்டு வாங்கிய விளக்கு.
அதை நான் எரியவிட்ட அன்று
படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.
அவள் இனி பயமில்லாமல் பூட்டில் சாவி நுழைப்பாள்.
அந்தச் சாவித்துவாரமும் சேர்ந்ததுதான் அந்தக் கறை.

சொல்லிவிட்டேன்.
முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது.
வெர்னா நெடுநேரம் எதையோ திருகிக்கொண்டிருந்தார்.
"தலைக்கு மூடி போட்டிருந்தால்,
வெளிச்சம் தெருவோடு நின்றிருக்கும்."
"எழுதிக் கேட்டேன். ஒரு மூடிக்குப்
பதினோரு டாலர் அதிகம் என்றார்கள்."
"பதினோரு டாலர்," என்றார்.
பிறகும் ஒருதரம், "பதினோரு டாலர்."

"குனியுங்கள்," என்றார்.
தெற்கு வேலிக்கு ஒரு சாண் உயரத்தில்
ஒமேகா செண்டாரி என்று ஒரு கொத்து.
கொட்டிய ரவைபோல, விளிம்பில் உதிர்ந்து, நடுவில் அடர்ந்து.
எண்ணத் தொடங்கினேன், தொழில்புத்தி.
நாற்பதைத் தாண்டவில்லை, கண்ணில் நீர் கோத்துவிட்டது,
குளிர்தான்.

இப்போது க்ளைட் பேனாவை நீட்டுகிறார்.
கிழக்கே மண்பாதை என்று போட்டிருக்கிறது.
அது முழுக்கச் சரியில்லை.
திருத்தச் சொல்லாமல்
கையெழுத்துப் போடுகிறேன்.