அறுபதா எழுபதா

பைசாந்தூவில் காலை ஆறே முக்காலுக்கு
ரேடியோவில் ஆற்றின் உயரம் சொல்வார்கள்.
துறைமுகத் தெருவில் என் கோழித்தீவனக் கடை.
அதன் வாசற்படி ஐந்து மீட்டர் அறுபத்தைந்து.
அளந்து, ஆணியடித்து, சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

எங்கள் பேச்சில் அறுபதும் எழுபதும்
நடுவில் ஒரேயொரு மெய்யில் பிரிகிறவை.
செசென்தா. செதென்தா.
சரியாக அந்த ஒற்றை மெய்யைத்தான்
என் வாக்ஸால் தின்றது.

ஐம்பத்துநான்காம் வருடத்து வண்டி.
ஆறு பிளக், ஆறு பொறி,
ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்.
மெதுவாகப் போனால் சோளம் பொரியும் சத்தம்.
மிதித்தால் துணி கிழியும்.
இன்ஜினை நிறுத்தினால் அறிவிப்பாளர்
பளிச்சென்று பேசுவார்,
அதற்குள் கால்பந்துக்குப் போயிருப்பார்.

வில்மர் எச்செகாராய் வந்தான்.
குளிர்பதனக் கிடங்கில் வேலை.
விவாகரத்தில் அண்ணன் போய்விட்டான்,
தம்பி எப்படியோ என் பங்கில் வந்துவிட்டான்.
"சத்தம் எங்கே பிறக்குதுன்னு முதல்ல கேக்கணும்" என்றான்.

துறைமுகச் சரிவில் இறங்கினோம்.
கியரில் இருக்கும்போதே சாவியை அணைக்கச் சொன்னான்.
அணைத்தேன்.
படபடப்பு அந்தக் கணமே செத்தது. அது பொறி.
அதன் அடியில் கொசுவைப் போல் ஒரு ரீங்காரம் மிச்சம்,
வண்டி தளரத் தளர சுருதி இறங்கியது. அது டைனமோ.
நியூட்ரலுக்குத் தள்ளினேன்.
சக்கரங்கள் மட்டும் உருண்டன.
பீச் ஜாமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று
ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.
எடைக்கு எடை.
தபால் நிலையம் வரை நாங்கள் பேசவில்லை.

சனிக்கிழமை கண்டென்சர் மாட்டினான்.
காயிலுக்கு இரண்டு முனை,
ஒன்று சாவியின் பக்கம், ஒன்று பாயிண்டின் பக்கம்.
மாட்டியது தப்பான பக்கம்.
சதுக்கத்தின் நடுவே வண்டி இருமி நின்றது.
தேவாலயப் படியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டமே
இறங்கி வந்து தள்ளியது,
வெள்ளைக் கையுறையோடு பெண்ணின் மாமா உட்பட.
"சத்தம் போச்சா இல்லையா?" என்றான்.
இன்ஜினும் போச்சு என்றேன்.

மாற்றி மாட்டினான்.
டிஸ்ட்ரிபியூட்டரின் நடு வயரில் ஒரு மின்தடை.
டைனமோவின் தடித்த முனைக்கு இன்னொரு கண்டென்சர்,
"மெல்லிசைத் தொடாதே, மெல்லிசைத் தொடாதே"
என்று தனக்கே சொல்லிக்கொண்டு.
எர்த் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டினான்
வெறும் இரும்பு தெரியும் வரை.
அப்படியும் நூலளவு மீதி இருந்தது.
பானட்டை அமுக்கினால் குறைந்தது, விட்டால் கூடியது.
பானட்டுக்கும் உடலுக்கும் நடுவே
ஒரு சாண் செம்புப் பின்னல்,
பழைய வெல்டிங் கேபிளின் தோலுரித்து எடுத்தது.

திங்கட்கிழமை மழை.
மேலே பிரேசிலிலும் மூன்று நாளாக மழை.
இன்ஜின் ஓடியது, வைப்பர் ஓடியது.
அறிவிப்பாளர் காகிதம் புரட்டுவது கேட்டது.
எச்சில் விழுங்குவது கேட்டது.
பிறகு அந்த மெய்,
பல்லில் நாக்குத் தட்டி, ஈரத்தோடு, முழுசாக.

செதென்தா.

ஆற்றைத் தானே ஏற்றிவிட்டவன் போல
வில்மர் என்னைப் பார்த்தான்.
"வேணும்னா பின்னலைக் கழட்டிடட்டுமா?"

கியரைப் போட்டேன்.
சோளம் நாற்பது மூட்டை, தவிடு பன்னிரண்டு,
மேல் தட்டில் இடம் இருப்பதோ முப்பதுக்கு.
ரேடியோவில் டயர் விளம்பரம்,
ஒரு சொல் விடாமல் கேட்டது.