ஸ்டில்

ஐலா தீவில் இரவுப் பணி
எனக்கும் லாக்லனுக்கும்.
ஆறு செம்புக் கலன்கள்,
தோள் சரிந்து கழுத்து நீண்டு
வாத்தா கொக்கா என்று முடிவாகாத உருவங்கள்.
பெயர் ஸ்டில்.
இராப்பகலாய்க் கொதித்துக் குமுறுகிறவற்றுக்கு
அசையாதது என்று யார் பெயர் வைத்தது?

அகராதியில் பார்த்தேன். வேர் வேறாம்.
இது சொட்டுவதிலிருந்து வந்தது,
அது நிற்பதிலிருந்து.
உறவே இல்லாத இரண்டு பேர்
ஒரே மழைக்கோட்டுக்குள்.

படகுத்துறைக் கடையில் அதற்கு விலையும் உண்டு:
குமிழி இல்லாத தண்ணீர்
பாட்டில் ஒரு பவுண்டு அறுபது.

லாக்லன் எதையும் அந்தச் சொல்லில்தான் முடிப்பான்.
மழை, முழங்கால், நின்றுபோன படகு,
சம்பளத்தில் பிடித்த இருபது பவுண்டு,
எல்லாவற்றையும் திட்டித் தீர்த்துவிட்டு
"ஸ்டில்" என்பான்.
ஆனாலும், என்று பொருள்.
ஆனாலும் என்ன என்பதை
கேட்கிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூனில் ஒரு பெண் ஸ்டில் எடுக்க வந்தாள்.
ஸ்டில்களின் முன்னால் ஸ்டில்லாக நில்லுங்கள் என்றாள்,
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
நாங்கள் நின்றோம்.
பித்தளைப் பூட்டிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள்
சாராயம் மட்டும் நிற்காமல்
ஒரு வெள்ளைக் கோடாய்ப் பதிந்திருக்கிறது.
படத்தில் லாக்லனுக்கு வாயெல்லாம் பல்.
மைரிக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஆகஸ்டில்
மருத்துவச்சி கதவைத் திறந்து வந்து
மூன்றே சொல் சொன்னாள்.
ஹி இஸ் ஸ்டில்.

அவளுடைய வாக்கியம் அங்கே முடிந்துவிட்டது.
அவன் காதில் முடியவில்லை.
"இன்னும்" என்றுதான் கேட்டிருக்கிறது.
பையன் இன்னும்
இன்னும் என்ன, அழவில்லையா,
கண் திறக்கவில்லையா, குளிப்பாட்டி ஆகவில்லையா?
மிச்சத்துக்காக
அவள் வாயையே பார்த்து நின்றான்.
அவள் கையுறையைக் கழற்றினாள்,
ஒன்று.
வெகுநேரம் கழித்து
மற்றது.

இதை ஒரே ஒரு தடவை சொன்னான்,
விடிகாலை மூன்று மணிக்கு,
என்னைப் பார்க்காமல், வெப்பமானியைப் பார்த்து.

அதன்பின் அவன் வாயில் அந்தச் சொல் இல்லை.
கலன்களை எண் சொல்லிக் கூப்பிட்டான்.
நாலு சூடாகிறது.
ஆறைக் கழுவணும்.
கடைக்காரி எந்தத் தண்ணீர் என்று கேட்டால்
விரலை நீட்டிக் காட்டினான்.
திட்டுவதையும் விட்டுவிட்டான்,
முடிக்கச் சொல் இல்லாதவன்
எப்படித் தொடங்குவான்.

பிப்ரவரி. மூன்று நாளாய்ப் படகு இல்லை.
தீவில் பால் இல்லை.
கடுந்தேநீரை ஒரு வாய் குடித்து
முகத்தைச் சுளித்தான்.
"தார் மாதிரி இருக்கு.
குழாய் உறைஞ்சு கிடக்கு.
இந்தக் காற்று ஒரு சனியன்."
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
"ஸ்டில்" என்றான்.

நான் அதற்கு எதையும் போடவில்லை.
ஐந்தாம் எண்ணின் வால்வைத் திருகப் போனேன்,
திருக வேண்டிய நேரம்
இன்னும் ஆகாமலே.