இடப்பக்கத்து அடிமூடி

எழுபதைத் தாண்டினால்தான் அந்தச் சத்தம்.
யாரோ ஈரத் துணியை
அடித்துத் துவைப்பதுபோல, என் இருக்கைக்குக் கீழே.
மூன்றாம் கைக்கு வந்த கார்.
ஒரு குறையும் இல்லை என்றார் விற்றவர்.
குனிந்து பார்க்காத இருவர்
கை குலுக்கிக்கொண்டோம்.

அய்வர் லிப்டில் ஏற்றினான்.
கீழே நின்று அண்ணாந்தேன்.
உப்பு தின்ற குழாய்கள்,
வலப்பக்கம் இரண்டே கிளிப்பில் தொங்கும்
கறுப்பு பிளாஸ்டிக் தகடு.
இடப்பக்கம் எதுவுமில்லை.
"இது இல்லாமலும் ஓடும்.
உப்பு ஏறும், டீசல் ஒரு வாய் கூடுதலாகக் குடிக்கும்,
உனக்குத்தான் காது பொறுக்காது."
உதிரிப்பாகத்தின் எண்ணை என் புறங்கையில்
பேனாவால் எழுதினான்.

வீடு வீடாகப் போகிற நர்ஸ் நான்.
ஒவ்வொரு புண்ணுக்கு முன்னும் கை கழுவுவேன்,
பின்னும் கழுவுவேன்.
மூன்றாவது வீட்டில் எண் அழிந்துவிட்டது.
அதற்குள் மனப்பாடமாகியிருந்தது:
கடைசி மூன்று, எட்டு நான்கு ஒன்று.

தார்த்துவுக்கு வெளியே கல்யோவின் உடைப்புக் கிடங்கு.
மோதிய கார்கள் மூன்றடுக்காய்,
மேலே பனி.
முகம் நொறுங்கிய ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு
"எடுத்துக்கொள், இருபது யூரோ" என்றான்.
முழங்காலிட்டு வைத்துப் பார்த்தேன்.
அது பெட்ரோல் வண்டியுடையது.
ஓட்டைகள் ஒரு விரற்கடை தள்ளி.
ஒரு விரற்கடைக்காக
இரண்டு கார்களும் அந்நியமாகிவிட்டன.

ஜெர்மனியிலிருந்து புதிது வரும், ஆறு வாரம்.
விலை கேட்டேன்.
பிப்ரவரி முழுவதற்குமான விறகு.

அப்புறம் ஹான்யா மேட்டில் ஒரு வியாழக்கிழமை.
யூரிக்கு இன்சுலின் போட்டுவிட்டு வெளியே வருகிறேன்,
சரிவில் இரண்டு பிள்ளைகள்
ஏதோ கறுப்பில் படுத்துக்கொண்டு
சறுக்கி வந்து
என் பூட்ஸுக்கு அருகில் கவிழ்ந்தார்கள்.
பனியில் மல்லாந்து கிடந்த சறுக்குவண்டியின் ஓரத்தில்
புடைத்த எழுத்தில்: எட்டு நான்கு ஒன்று.

"எங்கே கிடைத்தது?"
"பால் லாரி திரும்புமே, அந்தப் பள்ளத்தில்.
அக்டோபரில்."
அக்டோபரில் அந்தத் திருப்பத்தில்
ஒரு முயலுக்காக நான் பிரேக் போட்டிருக்கிறேன்.
முயல் ஓடிய பிறகு
கீழே ஏதோ தட்டியது. கல் என்று நினைத்தேன்.

"அது என்னுடையது."
மூத்தவள் லீசு, பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்து
என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
ஓட்டை போட்டதும் கயிறு கட்டியதும் தானே என்றாள்.
அதுவும் நியாயம்தான்.
ஐந்து யூரோ என்றேன்.
"பனி உருகட்டும். அப்புறம் எடுத்துக்கோ.
அப்போ சும்மாவே தரேன்."
தம்பி அதற்குள் மேட்டில் பாதி ஏறியிருந்தான்,
தகடு அவன் பின்னால்
நாய்க்குட்டிபோல இழுபட.

அந்தக் குளிர்காலம் முழுக்க
துணி துவைக்கும் சத்தத்தோடு ஓட்டினேன்.
யூரியின் வீட்டுக்குப் போகும் நாட்களில்
சரிவைப் பார்ப்பேன்.
ஒருமுறை அவர்கள் இல்லாதபோது
தகடு கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது.
யாரும் பார்க்கவில்லை.
(ஒரே ஒரு தடவை. பாதி மேட்டிலிருந்துதான்.)

ஏப்ரலில் வேலிப் படலில் மாட்டியிருந்தது,
கழுவித் துடைத்து.
அய்வர் புது கிளிப்புகளால் பூட்டினான்.
வயிறெல்லாம் கீறல்,
தொழிற்சாலை போடாத இரண்டு ஓட்டைகள்.
ஒன்றில் நீலக் கயிற்றின் முடிச்சு
இறுகிப்போய் வரமறுத்தது.
கத்தி எடுக்கப் போனவனை
வேண்டாம் என்றேன்.

எழுபதில் சத்தமில்லை.
எண்பதிலும் இல்லை.
தொண்ணூறில், காது வைத்தால் மட்டும்,
ஒரு நூல் நுனி
தட்டுகிறது.