வாசம் வராத சாப்பாடு

மூன்று பேர், நான்கு நாள்.
கோவர்த்தனை இரண்டாக எண்ணினால் நான்கு பேர்.
காலைக்குச் சாமை ரவை, வறுத்தாயிற்று,
கடுகும் வரமிளகாயும் அதிலேயே கிடக்கின்றன,
கொதிநீர் ஊற்றி மூடினால் போதும்.
மதியத்துக்குப் புளிக்காய்ச்சல்.
எண்ணெய் தானாக மேலே வந்து நிற்கும்வரை
அடுப்பைவிட்டு நகரவில்லை நான்.
இரவுக்குக் கேழ்வரகு மாவு, கொள்ளுப்பொடி,
காரம் ஆகாத பிரமிளாவுக்குத் தனியாகப் பருப்புப்பொடி.

பாக்கெட்டுகளின் மேல்
‘வியாழன் இரவு’ ‘சனி மதியம்’ என்று எழுதியபோது
இன்னும் விடியாத நாட்களுக்கு
நான் முன்பணம் கட்டுவதுபோல இருந்தது.

கம்பெனியில் எனக்குப் போல்ட் அளவு பார்க்கும் வேலை.
மயிரிழை கூடினாலும் சிவப்பு டப்பாவில் போடுவேன்.
அதே கையால்தான் உருண்டையும் பிடித்தேன்:
வேர்க்கடலை, எள், பாலக்கோட்டு வெல்லம்.
ஆளுக்கு நாளைக்கு மூன்று.
முப்பத்தாறு.

ஒன்பதரைக்கு அஞ்செட்டியிலிருந்து போன்.
வாட்சர் மாதப்பன்
சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று கத்துகிறார்.
“மேடம், வெல்லம் கிள்ளம் எடுத்தாராதீங்க.
வாழைப்பழம், பலா, மாம்பழம், ஒண்ணும் வேணாம்.
நாம யானைய எண்ணப் போறோம்.
வாசம் புடிச்சுதுன்னா
அது வந்து நம்மள எண்ணிட்டுப் போயிரும்.”
காற்று. ஒரு நாய்.
லைன் போய்விட்டது.

முப்பத்தாறும் தாம்பாளத்தில்
ஒன்றையொன்று தொடாமல் உட்கார்ந்திருந்தன.

ஓசூரில், இந்தக் கட்டடத்தில், நாலு வருடம்.
பக்கத்து வீட்டை எனக்குச் செருப்புகளால் தெரியும்.
எதிர் வீட்டைக் குக்கர் விசிலால்.
மேல் வீட்டை, நடுராத்திரியில்
நாற்காலி இழுபடும் சத்தத்தால்.

முதலில் பக்கத்து வீடு.
நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய ஒடியாப் பையன்கள் மூவர்,
ஒரு கால் ஷூவிலும் ஒரு கால் வெறுமனேயுமாக
நின்றபடியே தின்றார்கள்.
“பர்த்டேவா அக்கா?”
“இல்லப்பா, யானை.”
அதுவும் இங்கே ஒரு பண்டிகை போல என்று
மரியாதையாகத் தலையாட்டினான் ஒருவன்,
பிறகு இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டான்.

எதிர் வீட்டு லீலாவதியம்மா
தெலுங்கில் உட்காரச் சொன்னார்,
கன்னடத்தில் மகனை அதட்டினார்,
வெல்லம் கிலோ என்ன விலை என்பதை மட்டும்
தமிழில் கேட்டார்.
சொன்னேன். ஏமாந்துவிட்டேனாம்.

மேல் வீட்டில் கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது.
ஒரு கை வந்தது, வளையல் இல்லாத கை.
டப்பாவைச் சாய்த்து உள்ளே வாங்கிக்கொண்டது.
நான் திரும்பி இறங்கினேன்.

பத்து நிமிடத்தில் என் வாசலில் தட்டல்.
திறப்பதற்குள் படியேறும் சத்தம்.
தரையில் என் டப்பா, துடைத்து,
வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று
உள்ளே மூன்று செந்தூரா மாம்பழம்.
டப்பா மூடியிருந்தும்
மாடிப்படி முழுக்கச் சந்தூர்த் தோட்டமாக இருந்தது.

மாம்பழம் பட்டியலில் இருக்கிறது.
மூன்றையும்
தொட்டியின் மேல் குனிந்து நின்று தின்றேன்.
முழங்கை வரை வழிந்தது.
மேலே நாற்காலி இழுபட்டது.
முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன்,
கூரையை.

சோப்பு போட்டுக் கழுவினேன், இருமுறை.
புளி தேய்த்தேன். காபித்தூள் தேய்த்தேன்.
முகர்ந்தேன்.

நாலரைக்குத் தேன்கனிக்கோட்டை பஸ்.
பாக்கெட்டுகளைக் கடைசியாக ஒருமுறை எண்ணினேன்,
ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்தேன்.
எல்லாம் அளவில் இருந்தது.

என் வலது கை மட்டும்
சிவப்பு டப்பாவுக்கு உரியது.