பச்சைப் பட்டை

திம்மராஜுக்கு இரண்டு ஞாயிறுகளைக் கொடுத்து
ஒரு சனிக்கிழமை மாலையை வாங்கினேன்.
பத்து மணிக்கு டோல்கேட்டில் இருக்க வேண்டும்.
அதுவரை யாருக்கும் சில்லறை தர வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி ஸ்டேடியம். முந்நூறு ரூபாய் டிக்கெட்.
மணிக்கட்டில் பச்சைக் காகிதப் பட்டை ஒட்டினார்கள்.
வரிசையாகக் கல்யாண மண்டபத்து நாற்காலிகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் மண்டபத்தின் பெயர்.

இது எனக்கு நாலாவது.
ஓசூரில் ஒன்று, வேலூரில் ஒன்று,
சேலத்தில் மழை வந்து பாதியில் நின்றது ஒன்று.
எப்போதும் சீக்கிரம் போய்விடுவேன், பலகை அடிப்பதைப் பார்க்க.
பலகைமேல் விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச், அதன்மேல் கேன்வாஸ்.
கயிறு என்கிறோமே, அது இரும்பு வடம்,
தோட்டத்துக் குழாய் போர்த்தி டேப் சுற்றியது.

"எல்லாம் செட்டப்புதானே மாதேஸ்வரி?"
கேண்டீனில் கேட்பார்கள்.
ஆமாம்.
ஆனால் தரை யாரோடும்
முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வதில்லை.

"நூற்று நாற்பது கிலோ!
கஜகஸ்தான் பனிமலையிலிருந்து
கரு...ந்...தேள்!"
ஊளையிட்டோம்.
மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து நேராக வந்த ஒருத்தி
தலைவலையைக் கழற்ற மறந்தபடி எழுந்து நின்று
அவன் அம்மாவை மட்டும் விட்டுவிட்டு
வம்சம் முழுவதையும் திட்டினாள்.
புயல் பிரதாப் வந்தபோது அவளே அழுதாள்.

பதினோராம் நிமிடம்.
கருந்தேள் கச்சைக்குள்ளிருந்து எதையோ எடுக்கிறான்.
ரெஃப்ரீ அப்போதுதான் பார்த்து
மூலைக் கம்பத்தின் முடிச்சைச் சரிபார்க்கிறார்.

"பின்னால பாருய்யா!"
நாலாயிரம் பேர்.
பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு,
"யோவ், பின்னால!"

பார்க்க மாட்டார். அவர் வேலையே அதுதான்.
தெரிந்துதான் கத்தினேன்.
எட்டு மணி நேரம் நன்றி சார் நன்றி சார் சொல்லும் தொண்டை.
ஆடி மாதத்தில் ஒரு லாரிக்காரன்
சில்லறையோடு சேர்த்துக் கையையும் பிடித்து இழுத்தபோது
ஒரு சொட்டுச் சத்தம் வராத தொண்டை.
கேமராவுக்கு நேர் கீழே நடந்தது.
படம் தெளிவாக இல்லையம்மா என்றார் சூப்பர்வைசர்.

பின்னால பாருய்யா.
பாருய்யா.
பாரு.

மிளகாய்ப்பொடியோ என்னவோ,
பிரதாப் கண்ணைப் பொத்திக்கொண்டு விழுந்தான்.
பலகை அதிர்ந்தது என் உள்ளங்கால் வரை வந்தது.
ரெஃப்ரீ திரும்பி எண்ணத் தொடங்கினார்.
ஒன்று.
என் போன் அடித்தது. ஒன்பது இருபது. கடைசி பஸ்.
பின்னால் எழுந்த இரைச்சல்
சந்தோஷமா ஆத்திரமா என்று
ரவுண்டானா வரை பிடிபடவில்லை.

இரண்டு மணிக்கு ஏழாவது லேனில்
ஓட்டை சைலன்சரோடு ஒரு வேன்.
ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை. ரொக்கமானால் இரண்டு மடங்கு.
"காலையிலதான் ஏத்தினேன் அக்கா, இன்னொரு தபா பாருங்களேன்."
சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்.
ஸ்டியரிங்கில் கருந்தேள், மூக்குக் கண்ணாடியோடு.
அவன் தோளில் சாய்ந்து, வாய் திறந்து,
புருவத்துக்கு மேல் ஐஸ் பொட்டலத்தைப் பிடித்தபடி
தூங்கிக்கொண்டிருந்தான் பிரதாப்.
பெல்ட்டைத் தேடினேன்.
பின்சீட்டில் பைகள், ஒரு தலைகாணி, பரோட்டா பார்சல்.

யார் ஜெயித்தது என்று கேட்க வாயைத் திறந்தேன்.
காற்றுதான் வந்தது.
"தொண்டை என்ன ஆச்சு அக்கா?"
சளி என்று சைகை காட்டினேன்.
"சுடுதண்ணில உப்புப் போட்டுக் கொப்புளிங்க."
பத்து ரூபாய் நாணயங்களாக எண்ணி எண்ணிக் கொடுத்தான்.

ரசீதை நீட்டிய கையில்
பச்சைப் பட்டை.

பார்த்தான்.
கண்ணாடியைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்தான்.
தோளில் இருப்பவன் விழித்துவிடாதபடி
மெல்லக் கழுத்தைத் திருப்பி,
மூக்கு விடைக்க, பல்லைக் கடித்து,
ஒரு விரலால் என் குரல்வளையைக் குறுக்கே அறுத்தான்.

மிச்சமிருந்த குரலை எல்லாம் கூட்டி
ஊ...
என்றேன் பூத்துக்குள்ளிருந்து.

தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டு
கியரைப் போட்டான்.
தடுப்புக்கட்டை எழுந்தது.
அடுத்து நின்ற ராயக்கோட்டைத் தக்காளி லாரி
ஹாரனை அழுத்தியது.
அழுத்தட்டும் என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.