ஐம்பத்து மூன்று கிலோ

பெர்னிக் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம்,
பெட்ரோல் பங்கில் இரவுப் பணி எனக்கு.
இடது காதைத் தொப்பிக்குள் ஒளித்திருப்பேன்.
பன்னிரண்டு வருடம் மல்யுத்த விரிப்பில் தேய்ந்து
காய்ந்த காளான் மாதிரி சுருண்டுபோன காது.
அதைப் பார்த்துவிட்டால் லாரிக்காரர்கள் கேட்பார்கள்:
"நிஜமாகவே உதவுமா அதெல்லாம்?
தெருவில் ஒருத்தன் வந்தால்?"

உதவும் என்பேன். மறுநாள் உதவாது என்பேன்.
காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

ஜனவரி. மைனஸ் பதினொன்று.
என் எடைப் பிரிவு ஐம்பத்து மூன்று கிலோ.
வந்தவனை யாரும் தராசில் ஏற்றி அனுப்பவில்லை.
தொண்ணூறு இருப்பான், நூறும் இருக்கலாம்.
கல்லாவைக் கேட்டான். கொடுத்தேன்.
முதலாளியின் பணத்துக்கு என் உயிர் எதற்கு?
நின்று நிதானமாக எண்ணினான்.
பிறகு ஸ்டானிமிராவின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி
கதவுப் பக்கம் இழுத்தான்.

நான் யோசித்துச் செயல்பட்டதாகப் போலீஸ் அறிக்கையில் இருக்கிறது.
யோசிக்கவில்லை.
முழங்கால் யோசித்தது.

தாழ்ந்து பாய்ந்தேன். இரண்டு தொடையும் கைக்குள்.
விரிப்பு என்றால் முழங்கால் வழுக்கிக்கொண்டு போகும்.
இது சிமெண்ட்.
சில்லு விரிந்த சத்தம் முதலில் கேட்டது,
வலி அப்புறம் வந்தது.
சிப்ஸ் அடுக்கு சரிந்தது. அவனும்.
வெட்டுண்ட மரம் போல என்று சொல்ல மாட்டேன்,
மரத்துக்கு வாய் கிடையாது.
ஏறிப் படுத்துத் தோள் இரண்டையும் தரையோடு அழுத்தினேன்.
ஒன்று.
இரண்டு.
நடுவரின் கை தரையைத் தட்டவில்லை.
யாரும் விசில் ஊதவில்லை.
ஜெயித்துவிட்டேன்,
ஜெயித்தது முடியவே இல்லை.

வெளியே அவன் வந்த கார், இன்ஜின் ஓடியபடி.
ஓட்டுநர் இருக்கையில் ஒரு நிழல்.
அது இறங்கி வந்திருந்தால்
லாரிக்காரர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருந்திருக்காது.
ஒருவனை அணைத்துக் கிடப்பவளின் தலை
இன்னொருவனின் பூட்ஸுக்குப் பந்து.
நிழல் கொஞ்ச நேரம் பார்த்தது,
கியர் மாற்றியது, போய்விட்டது.
நல்ல நண்பன்.

ஜாக்கெட்டின் வலப் பையில் கத்தி இருந்ததாம்,
பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிறகு காட்டினார்கள்.
வலது கை என் கக்கத்துக்குள் சிக்கியிருந்தது.
சாமர்த்தியம் இல்லை, பழக்கம்.
எப்போதும் அந்தப் பக்கம்தான் பூட்டுவேன்.
அவன் இடதுகைக்காரனாக இருந்திருந்தால்
என்று இரவில் விழிக்கிறேன்.

பதினேழு நிமிடம்.
டீசல், சிகரெட், ஈரக் கம்பளி நாற்றம்.
முதலில் என் அம்மாவை இழுத்துத் திட்டினான்.
பிறகு மூச்சுக்குத் திணறினான். தளர்த்தினேன்,
நெஞ்சுக்கு மட்டும், தோளுக்கு அல்ல.
பத்தாவது நிமிடத்தில், மூக்கு அரிக்கிறது என்றான்.
கை இரண்டும் என்னிடம்.
முடி பிய்ந்த இடத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு
ஸ்டானிமிரா குனிந்து
மறு கையில் டிஷ்யூ எடுத்துத் தேய்த்துவிட்டாள்.
"இன்னும் மேலே."
தேய்த்தாள்.

குத்தி வீழ்த்தியிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்காது.
அவன் இதயம் என் விலா எலும்பில் அடித்தது,
நாலுகால் பாய்ச்சலில் வந்து, ஓட்டமாகி, நடையாகி,
கடைசியில் என்னுடையதோடு தாளம் சேர்ந்துகொண்டது.
பிடித்திருந்தேன்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிளப்பில் இவைலோ சொன்னான்:
நின்றபடியே கட்டிச் சுவரோடு சாத்தியிருக்கலாம்,
கீழே போனது தப்பு.
சரிதான்.
குத்துச்சண்டைக்காரி பெத்ரினா சொன்னாள்:
தாடையில் ஒன்று விட்டு இரண்டு பேரும் ஓடியிருக்கலாம்.
அதுவும் சரிதான்.
ஸ்டானிமிரா ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வாரம் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

என் முழங்காலில் இப்போது இரண்டு திருகாணி.
குளிர் முதலில் அங்கேதான் வந்து கதவைத் தட்டுகிறது.
தொப்பி நழுவிய இரவுகளில் யாராவது கேட்கிறார்கள்,
நிஜமாகவே உதவுமா?

எத்தனையாவது பம்ப் என்று கேட்கிறேன்.